ராசாக்களின் பேழைக்குக் கீழே, கோபுரத்துக்கு மேலே

ஜெர்மனியின் கொலோன் நகரப் பேராலயத்துக்குப் போன இந்தப் பயணம் அம்மாவின் நேர்ச்சை. 2020-இல் கொரோனா நேரத்தில் ஒப்பந்தம் முடிந்தும் கரை இறங்க வழியில்லாமல் கப்பல்காரர்கள் மாதக்கணக்கில் கடலிலேயே கிடந்தார்களே, அதில் என் தம்பியும் ஒருவன். தூத்துக்குடியில் பனிமய மாதாவிடம் அழுது தீர்த்த அம்மா, அப்புறம் குழந்தை இயேசுவைத் தேடி வந்த மூன்று ராசாக்களைப் பிடித்துக்கொண்டார். குழந்தையைக் கொல்லத் தேடிய ஏரோது அரசனின் கண்ணில் படாமல் வேறு வழியாக ஊர் திரும்பியவர்கள் அவர்கள்தானே, என் பிள்ளைக்கும் ஒரு வேறு வழி காட்டட்டும் என்பது அவர் கணக்கு. தம்பி கடைசியில் சம்பந்தமே இல்லாத ஒரு துறைமுகத்தில் இறங்கி, மூன்று விமானம் மாறி வீடு வந்தான். மூன்று என்று கேட்டதும் அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். ராசாக்களின் அருளிக்கம், அதாவது அவர்களுடைய எலும்புகள், இருக்கும் கொலோனுக்கே போய் நன்றி சொல்வது என்று அன்றே முடிவாகிவிட்டது.

தங்கை ஜெர்மனியில் இருப்பதால் செப்டம்பர் கடைசியில், பேராலயத் திருப்பயண நாட்களில் போய்ச் சேர்ந்தோம். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே அதுதான் நிற்கிறது. 157 மீட்டர் உயர இரட்டைக் கோபுரம், கரிய கல். ஆனால் அண்ணாந்து பார்க்க யார் விட்டார்கள்? முற்றத்தில் கையெழுத்துத் தாளை நீட்டிக் காசு கேட்பவர்கள் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். அம்மா ஏதோ செப விண்ணப்பம் என்று நினைத்துப் பேனாவையே வாங்கிவிட்டார். தங்கை வந்து இழுத்துக்கொண்டு போகவேண்டியதாயிற்று. உள்ளே அதற்கு மேல் கூட்டம். பீடத்துக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுப்பவர்களைப் பார்க்கப் பார்க்க எரிச்சல். சிவப்பு அங்கி போட்ட காவலர் வந்து ஒரு ஆளைத் தொப்பியைக் கழற்றச் சொன்னதும் அம்மாவுக்கு அந்தக் காவலரை மிகவும் பிடித்துப்போயிற்று.

மிலானிலிருந்து 1164-இல் அருளிக்கங்கள் இங்கே வந்தன. அவற்றுக்காக 1225 வாக்கில் செய்து முடித்த பேழை, பெரிய பீடத்துக்குப் பின்னால் கண்ணாடிக்குள் இருக்கிறது. மற்ற நாட்களில் தள்ளி நின்றுதான் பார்க்கலாம். திருப்பயண நாட்களில் மட்டும் பழைய வழக்கப்படி அதன் அடியிலேயே நடந்து போக விடுகிறார்கள். வரிசை நத்தையாக நகர்ந்தது. அம்மா செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, தேவையே இல்லாமல் குனிந்தபடி போனார். பொன்னில் உட்கார்ந்திருக்கும் தீர்க்கதரிசிகளை நான் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா எதையும் பார்க்கவில்லை. நட்டநடுவில் நின்றுவிட்டார். “எம் புள்ளைய இறக்கிவிட்டீங்களே, ராசாக்களே” என்று வாய்விட்டுத்தான் சொன்னார். பின்னால் வந்த ஜெர்மன் பாட்டி ஒருவர், மொழி புரியாமலேயே, அவர் தோளில் கை வைத்தபடி நின்றார். தள்ளவில்லை, அவசரப்படுத்தவில்லை. அந்தப் பாட்டியை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும். அந்த ஒரு நிமிடத்துக்காக எத்தனை ஆயிரம் செலவானாலும் தகும்.

வடபக்கம் ஒரு மாதா இருக்கிறார். உடை முழுக்க நேர்ச்சை நகைகள்: சங்கிலி, மோதிரம், பதக்கம். “நம்ம ஊர் சனந்தான் இங்கயும்” என்று அம்மா மெழுகுவர்த்தி ஏற்றினார்.

கோபுரம் ஏறுவது நேர்ச்சையில் இல்லை. “எனக்கு முட்டு தாங்காது எய்யா. நீ ஏறி நம்ம எல்லாருக்குமா ஒரு அருள்நிறை மரியே சொல்லிட்டு வா” என்றார். 533 படி, லிஃப்ட் கிடையாது. ஏறுபவரும் இறங்குபவரும் அதே ஒடுங்கிய சுழற்படியில்தான் உரச வேண்டும். சுவரெல்லாம் பேர் கிறுக்கி வைத்திருக்கிறார்கள், கோயில் என்ற நினைப்பே இல்லை. வழியில் மணிக்கூடம். 24 டன் எடையுள்ள புனித பேதுரு மணி அங்கேதான் தொங்குகிறது. 2011-இல் ராசாக்கள் பெருநாளன்றே அதன் நாக்கு அறுந்து விழுந்ததாம். யாருக்கும் காயமில்லை என்றால் அது யார் காவல்?

சுமார் 97 மீட்டரில் கம்பி வலைக்குப் பின்னால் நின்றேன். காலடியில் ரயில் நிலையத்தின் கூரை, அதை விட்டுக் கிளம்பும் ரயில்கள் ஹோஹென்சோலர்ன் பாலத்தில் ஊர்ந்து ரைனைக் கடக்கின்றன. தெற்கே பெரிய புனித மார்ட்டின் ஆலயத்தின் தடித்த கோபுரம், வடக்கே புனித உர்சுலா ஆலயத்தின் உச்சியில் ஒரு கிரீடம். மற்றதெல்லாம் போருக்குப் பின் கட்டிய சாதாரண வீடுகள். குண்டுவீச்சில் நகரின் நடுப்பகுதி ஏறக்குறைய முழுதும் தரைமட்டமானது. பேராலயத்தின் மீதும் குண்டுகள் விழுந்தன, ஆனாலும் நின்றது. கட்டத் தொடங்கியது 1248, முடிந்தது 1880. நடுவில் வேலை நின்றுபோய், நான் நின்ற இந்தத் தெற்குக் கோபுரம் பாதியில் கிடக்க, அதன் தலையில் ஒரு பாரந்தூக்கி மட்டும் சுமார் 400 வருடம் நின்றிருந்திருக்கிறது. நாங்கள் காத்திருந்ததெல்லாம் என்ன காத்திருப்பு!

கீழே ரைனில் சரக்குப் படகுகள் வரிசையாகப் போயின. தம்பி இப்போதும் ஏதோ ஒரு கடலில்தான் இருக்கிறான். அம்மா கேட்டது ஒரு அருள்நிறை மரியே. அவனுக்கு ஒன்று, அந்த வருடம் அவனோடு கிடந்தவர்களுக்கு ஒன்று, படகில் போகிறவர்களுக்கு ஒன்று என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். பக்கத்தில் யாரோ இடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். நன்றி மாதாவே, நன்றி ராசாக்களே, வேறு என்ன சொல்ல.

கால் நடுங்க இறங்கி வந்தால், அம்மா ஒரு யாழ்ப்பாணத்து அக்காவோடு பேசிக்கொண்டிருக்கிறார். ஆகஸ்டில் ஜெர்மனியிலேயே இருக்கும் கெவலார் என்ற ஊரின் மாதாவிடம் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கூடுகிற திருவிழா பற்றி அவர் சொல்லிவிட்டார், அங்கே போவதென்று அம்மாவும் முடிவு செய்துவிட்டார். அதற்கு என்ன நேர்ச்சை என்று கேட்டேன். தம்பிக்குப் பெண் அமைய வேண்டுமாம்.