ஸ்டேஷன் ஜீப்புக்கு டீசல் யார் காசு? ஒரு தகவல் மனுவின் கதை

எங்கள் கடைத்தெருவில் கண்காணிப்பு கேமரா போடுவதற்குக் கடைக்கு இவ்வளவு என்று வசூல் பேச்சு வந்தபோது, வணிகர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டார்: "போலீசுக்குன்னு கவர்மெண்ட் ஒதுக்குற காசெல்லாம் அப்போ எங்கேதான் போகுது?" யாருக்கும் பதில் தெரியவில்லை. செயலாளர் என்பதால் அதைக் கண்டுபிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அரூர்ப் பக்கம் பாத்திரக் கடை வைத்திருப்பவன் நான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம் என்பது மட்டும் தெரியும்.

மனு எழுதும் முன்பு, கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரைப் போய்ப் பார்த்தேன். "எங்க ஸ்டேஷனுக்கு வருஷத்துக்கு எவ்வளவு ஒதுக்கீடுன்னு கேக்கப் போறேன் சார்" என்றதும் சிரித்தார்.

"ஸ்டேஷனுக்குன்னு தனிப் பெட்டி எதுவும் கிடையாது தம்பி. பில் போட்டுக் கருவூலத்துல பணம் வாங்குறது எஸ்.பி. ஆபீஸ். கேக்குறதா இருந்தா அங்கே கேளுங்க. அதுக்கு முன்னாடி மானியக் கோரிக்கை 22-ஐ ஒரு தடவை புரட்டிப் பாத்துட்டு வாங்க."

மாநில பட்ஜெட்டோடு வரும் புத்தகங்களில் காவல்துறைக்கானது அந்த 22-ஆம் எண். அரசின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. படிக்க அலுப்பான புத்தகம்தான், ஆனால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிட்டது. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. எனவே செலவு மாநில அரசின் தலையில். நாம் உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரிக்கும் ஸ்டேஷனுக்கும் சம்பந்தமில்லை. 2055 என்ற கணக்குத் தலைப்பில் அன்றாடச் செலவுகள் வருகின்றன. அதற்குள் 109 என்ற சிறுதலைப்புதான் மாவட்டக் காவல். கட்டடம் போன்ற மூலதனச் செலவு 4055-இல் தனியாக இருக்கிறது. ஸ்டேஷன், குடியிருப்பு எல்லாம் கட்டித் தருவது 1981-இல் தொடங்கிய தமிழ்நாடு காவலர் வீட்டுவசதிக் கழகம். நவீனமயமாக்கல் திட்டத்தில் மட்டும் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

ஹெல்மெட் அபராதம் 1000 ரூபாய் பிடிக்கிறார்களே, அதில்தான் டீசல் அடிக்கிறார்கள் என்று எங்கள் தெருவில் பலர் சத்தியம் செய்வார்கள். அந்தப் பணம் அரசுக் கணக்கில் வரவாகச் சேர்ந்துவிடும். ஸ்டேஷன் அதை எடுத்துச் செலவு செய்ய வழியில்லை. இதை விளக்கிச் சொல்லியும் பாதிப் பேர் நம்பவில்லை என்பது வேறு விஷயம்.

அப்புறம் மனு. ஏன், எதற்கு என்று கேட்டால் "இது தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அதனால் கேள்விக்குறியே இல்லாமல் எழுதினேன். கடந்த நிதியாண்டில் மாவட்டத்துக்கு வந்த ஒதுக்கீட்டு ஆணைகளின் நகல். சம்பளம், பயணப்படி, எரிபொருள், அலுவலகச் செலவு என்று தலைப்பு வாரியாகச் செலவான தொகை. ஆண்டு முடிவில் சரண் செய்த தொகை, அதாவது செலவாகாமல் அரசுக்கே திருப்பிக் கொடுத்தது. எங்கள் நிலையத்துக்கு மட்டும் ஆன எரிபொருள் செலவு. கடைத்தெருவில் ஏற்கெனவே உள்ள கேமராக்கள் தொடர்பான செலவு விவரம். பிரிவு 4(1)(பி)-யின்படி ஒதுக்கீடும் செலவும் கேட்காமலே வெளியிட வேண்டியவை என்பதையும் ஒரு வரி சேர்த்தேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஸ்பீடு போஸ்டில் அனுப்பினேன். "ஸ்டேஷன்லயே குடுத்திருக்கலாமே" என்றார் பக்கத்துக் கடைக்காரர். கொடுத்திருந்தாலும் பிரிவு 6(3)-இன்படி உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பத்தான் வேண்டும். ஆனால் தினம் முகம் பார்க்கிற ரைட்டரிடம் இதை நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் வந்தது நகல் கட்டணம் கேட்டு ஒரு கடிதம், பக்கத்துக்கு 2 ரூபாய். இதை உடனே கட்டிவிடுங்கள். அந்தக் கடிதம் கிளம்பிய நாளிலிருந்து நாம் பணம் கட்டும் நாள் வரையிலான காலம், பதில் தர அவர்களுக்குள்ள 30 நாள் கெடுவில் சேராது.

பதிலைப் பிரித்ததும் கண்ணில் பட்டது சம்பளத் தொகை. மற்ற எல்லாவற்றையும் கூட்டினாலும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆள் கூலியும் வாடகையும் போக மிச்சத்தில் கடை நடத்துகிற எங்களுக்கு அது புரியாத கணக்கல்ல. எரிபொருள், பயணப்படி, மின்கட்டணம், தொலைபேசி, பேப்பர், பேனா எல்லாம் அந்த மிச்சத்துக்குள்தான். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கலில் பந்தோபஸ்து என்றால் அந்த ஓட்டத்துக்கான டீசலும் அதே எரிபொருள் தலைப்பில்தான் சேருகிறது. திருவிழாவுக்கென்று தனித் தலைப்பு நான் வாங்கிய நகல்களில் இல்லை.

எங்கள் நிலையத்தின் எரிபொருள் செலவு மட்டும் வரவில்லை. நிலைய வாரியாகத் தொகுக்கப்படவில்லை என்று பதில். சங்கத்தில் சிலர் மேல்முறையீடு போடச் சொன்னார்கள். எனக்கு அது நியாயமான பதிலாகவே பட்டது. இருக்கும் ஆவணத்தைத் தர வேண்டும், இல்லாததை நமக்காகத் தொகுத்துத் தரக் கடமையில்லை என்று 2011-இல் சி.பி.எஸ்.இ. – ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வண்டியின் ஓட்டப் பதிவேட்டை நேரில் பார்வையிட வேண்டும் என்று கேட்பதுதான் அதற்கு வழி. சட்டத்தின் 2(ஜே) பிரிவு அந்த உரிமையைத் தருகிறது.

கேமராவுக்கு வந்த பதில் எங்களுக்கு மிகவும் பயன்பட்டது. கடைத்தெருக் கேமராக்கள் அரசு நிதியில் வாங்கப்பட்டவை அல்ல, எனவே செலவு ஏதும் இல்லை என்று இருந்தது. வாங்கியதே கணக்கில் இல்லையென்றால் பழுது பார்ப்பதற்கும் அங்கே பணம் இருக்காது. குரங்கு வயரைப் பிய்த்தாலும் இடி விழுந்தாலும் நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் வசூலை நிறுத்தவில்லை, அதில் என்னென்ன வாங்குவது என்ற பட்டியலை மாற்றினோம். கேமரா எண்ணிக்கையைக் குறைத்து மூன்று வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தைச் சேர்த்தோம். எந்தக் கடையின் மீட்டரில் மின்சாரம் எடுப்பது என்பதையும் எழுத்தில் வைத்தோம். பணத்தை யார் கையிலும் தராமல், பொருளாக ஒப்படைத்து ஒப்புகை வாங்கிக்கொள்வது என்றும் தீர்மானம் போட்டோம்.

ஓட்டப் பதிவேட்டுக்கான மனுவை ஏப்ரல் கழிந்த பிறகுதான் அனுப்பப் போகிறேன். மார்ச் 31 வரை ஒதுக்கீடு ஏறும், இறங்கும், கடைசி வாரத்தில் மிச்சம் சரண் ஆகும். நடுவில் கேட்டால் வருகிற தொகை அடுத்த மாதமே மாறியிருக்கும். இந்தத் தடவை இரண்டு நிதியாண்டுகளைச் சேர்த்துக் கேட்கலாம் என்று ஓய்வு பெற்ற அந்தக் கருவூலக்காரர் சொல்லியிருக்கிறார்.