அம்மா மஞ்சப்பையோட போன விசாரணை

சேர்வராயன் மலை அடிவாரத்துல எங்க தாத்தா காலத்து மாந்தோப்பு இருக்குங்க. போன வருஷம் அதுக்கு எங்களுக்கு ஒரு நோட்டீஸ் கூட வராம பட்டாவுல சித்தப்பா பேரை மட்டும் ஏத்தி ஆர்டர் போட்டுட்டாங்க, அம்மா அன்னைக்கு சாப்பிடவே இல்ல.

அப்பறம்தான் விசாரிச்சேன். 1983ம் வருஷ பட்டா பாஸ்புக் சட்டத்துல 12வது பிரிவுப்படி தாசில்தார் ஆர்டரை எதுத்து ஆர்டிஓ, அதாவது வருவாய் கோட்டாட்சியர் கிட்ட அப்பீல் போகலாம், அதுலயும் சரியில்லன்னா டிஆர்ஓ, அதாவது மாவட்ட வருவாய் அலுவலர் கிட்ட ரிவிஷன்னு சொல்ற மறு ஆய்வு கேக்கலாம். நாங்க அப்பீல் போட்டோம்.

ஹியரிங் அன்னைக்கு அம்மா பழைய கிஸ்து (நில வரி) ரசீதெல்லாம் மஞ்சப்பையில கட்டி எடுத்துட்டு வந்துட்டாங்க. அதிகாரி ஒவ்வொன்னா பிரிச்சு பாத்தாரு, சித்தப்பாவையும் பேச விட்டாரு, எங்களுக்கு அதுவே பெரிய ஆறுதலா இருந்துச்சு. ரெண்டு பக்கமும் கேக்காம முடிவெடுக்கக் கூடாது, எடுத்த முடிவுக்கு காரணத்தை எழுதணும், இதெல்லாம் அவங்க நமக்கு பண்ற சலுகை இல்லீங்க, நம்ம உரிமை. காரணம் எழுதறதை பத்தி சுப்ரீம் கோர்ட் 1990லயே எஸ்.என்.முகர்ஜிங்கறவரு போட்ட கேஸ்ல தெளிவா சொல்லிருச்சு.

ஒன்னு மட்டும் மறந்துராதீங்க, நிலம் யாருக்கு சொந்தம்னு சண்டை வந்தா அதை தீர்க்கறது சிவில் கோர்ட்தான், பட்டா ஆபீஸ் இல்ல.

பழைய ஆர்டரை ரத்து பண்ணி மறுபடி விசாரிக்க சொல்லி அனுப்பிட்டாங்க. அடுத்த வாய்தாவுக்கு அம்மா இப்பவே ரசீதை வருஷ வாரியா அடுக்கி வச்சிட்டாங்க.