ஐஎஸ்ஓ 14001: ஒரு நீலத் தாளுக்காக அலைந்த கதை

போன மாதம் எங்கள் லாரி கம்பெனிக்கு ஐஎஸ்ஓ 14001 என்ற சுற்றுச்சூழல் மேலாண்மைச் சான்றிதழ் வந்தது. ஆபீஸ் சுவரில் மாட்டியாகிவிட்டது, முதலாளி அதன் கீழே நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார். எனக்கோ அதைப் பார்க்கும்போதெல்லாம் நீல நிறத்தில் ஒரு தாள்தான் ஞாபகம் வருகிறது. அந்தத் தாளுக்காக மூன்று முறை அடுத்த மாவட்டம் வரைக்கும் போய் வந்தவன் நான். சொந்த ஒர்க்‌ஷாப்போடு லாரி செட் நடத்துகிறவர்கள் யாராவது இந்த வேலையில் இறங்குவதாக இருந்தால் இதைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

சங்ககிரி பக்கம் எங்கள் செட். 38 லாரி, ஒரு குடோன், ஒர்க்‌ஷாப், வண்டி கழுவ ஒரு ரேம்ப். எங்களுக்குப் பாதி லோடு கொடுக்கும் ஒரு பெரிய பார்ட்டி, அடுத்த ஒப்பந்தத்துக்கு 14001 கட்டாயம் என்று மெயில் போட்டுவிட்டது. முதலாளி அதை பிரிண்ட் எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் கணக்குப் பார்க்க வந்தவன். அன்றிலிருந்து சுற்றுச்சூழலையும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இரண்டே நாளில், ஆடிட்டே இல்லாமல், வாட்ஸப்பில் சான்றிதழ் அனுப்புகிறோம் என்று போன் வரும். விலையும் மலிவாக இருக்கும். எங்களுக்குத் தெரிந்த ஒரு செட்டுக்காரர் அப்படி ஒன்றை வாங்கி டெண்டரில் வைத்தார். சான்று கொடுத்த நிறுவனத்துக்கு என்ஏபிசிபி (சான்று தரும் நிறுவனங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) மாதிரி எந்த அங்கீகாரமும் இல்லை என்று டெண்டர் விட்ட பார்ட்டி ஒரே நாளில் கண்டுபிடித்துத் திருப்பிவிட்டது. போன பணம் போனதுதான். பேசும்போதே அங்கீகார எண்ணைக் கேளுங்கள். மழுப்பினால் போனை வைத்துவிடுங்கள்.

சான்றிதழுக்கான ஃபைலைத் தயாரிக்க நாங்கள் பிடித்த கன்சல்டன்ட் போலி இல்லை, சோம்பேறி. மூன்று மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்றார், பதினோரு மாதம் ஆனது. அவர் கொடுத்த ஃபைல் கனமாக இருந்ததால் நல்ல ஃபைல் என்று நினைத்துவிட்டேன். இரண்டு கட்ட ஆடிட்டில் முதல் கட்டத்துக்குச் சான்று கொடுக்கும் நிறுவனத்திலிருந்து வந்த ஆடிட்டர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுக் கேட்டார்: "உங்க பாய்லர் எங்கே இருக்கு?"

லாரி செட்டில் ஏது பாய்லர்? பார்த்தால், சுற்றுச்சூழல் பாதிப்புகளைப் பட்டியலிடும் பக்கத்தில் பாய்லர் சாம்பல், சாயக் கழிவுநீர், நூல் தூசி என்று வரிசையாக இருந்தது. ஏதோ ஒரு சாயப்பட்டறையின் ஃபைலில் பெயரை மட்டும் மாற்றி எங்களுக்கு விற்றிருக்கிறார். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. கன்சல்டன்ட் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "டைப்பிங் மிஸ்டேக் சார்" என்றார்.

அடுத்தது இலக்குகள் பக்கம். வருடத்துக்கு 100 மரக்கன்று நடுவோம் என்று ஒரே ஒரு இலக்கு. அதைப் பார்த்துவிட்டு ஆடிட்டர் கேட்டார், "மரம் நடுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா டீசல் எங்கே?"

நியாயமான கேள்விதான். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.68 கிலோ கரியமில வாயு வருகிறது. எங்கள் லாரி சென்னைக்குப் போய்வர 760 கிலோமீட்டர், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்தால் 190 லிட்டர். ஒரே ட்ரிப்பில் அரை டன்னுக்கு மேல். இதை விட்டுவிட்டு வாசலில் வேப்பங்கன்று நட்டு போட்டோ எடுத்தால் யார் ஏமாறுவார்கள்? அன்று ராத்திரியே ஆறு மாத ட்ரிப் ஷீட்டை எடுத்து உட்கார்ந்தேன். மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு கிட்டத்தட்ட காலி ஓட்டம். ரிட்டன் லோடு கிடைக்காமல் வெறும் வண்டியாகத் திரும்பியது. வெறும் வண்டிக்கு டீசல் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும், அவ்வளவுதான், சும்மா ஓடாது. ஆக, காலி ஓட்டத்தைக் குறைப்பது, லோடு ஏற்றும் இடத்தில் வரிசையில் நிற்கும்போது எஞ்சினை அணைப்பது, வாரம் ஒருமுறை டயரில் காற்று பார்ப்பது என்று இலக்குகளை மாற்றி எழுதினோம். முதலாளிக்கு முதன்முதலாக இந்த வேலையில் ஆர்வம் வந்தது அப்போதுதான். டீசல் மிச்சம் என்றால் அவருக்கு எந்த ஐஎஸ்ஓவும் சம்மதம்.

பருவநிலை மாற்றம் நம் தொழிலுக்குச் சம்பந்தப்பட்டதா என்று பார்க்கச் சொல்லி 2024 பிப்ரவரியில் தரநிலையில் ஒரு திருத்தம் சேர்த்திருக்கிறார்கள், பழைய ஃபைலில் அது இருக்காது. உங்கள் கன்சல்டன்ட் சேர்த்திருக்கிறாரா என்று பாருங்கள். நாங்கள் அதற்கு உதாரணம் தேடி எங்கும் போகவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னைப் பக்கம் எங்கள் வண்டிகள் தண்ணீரில் மாட்டிக்கொண்டு நின்றதை அப்படியே எழுதினோம், ஆடிட்டர் திருப்தியாகத் தலையாட்டினார்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடிய தலைவலி. நிஜமான தலைவலி ஒர்க்‌ஷாப்பின் பின்னால் நின்ற வேஸ்ட் ஆயில் பேரலில் இருந்தது.

பழைய எஞ்சின் ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு. 2016 விதிகளின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும், படிவம் 3-ல் பதிவு எழுத வேண்டும், வருடா வருடம் ஜூன் 30-க்குள் படிவம் 4-ல் கணக்கு கொடுக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி ஆலைக்கு மட்டும்தான் கொடுக்க வேண்டும். அனுமதி எங்களிடம் இருந்தது, எனக்கு முன்னால் இருந்த மேனேஜர் புண்ணியத்தில். மீதி எதிலும் ஓட்டைதான்.

நம் குறையை நாமே தேடிப் பார்க்கும் உள் தணிக்கைக்காக ஒரு சின்னக் கணக்குப் போட்டேன். கணக்குக்காரன் புத்தி சும்மா இருக்காது. போன வருடம் வாங்கிய எஞ்சின் ஆயில் 11 பேரல், பேரலுக்கு 210 லிட்டர், மொத்தம் 2,310. மறுசுழற்சிக்குப் போனது 6 பேரல், அதாவது 1,260. எஞ்சினில் எரிந்தது, ஒழுகியது என்று கொஞ்சம் கழித்தாலும், மீதி எங்கே?

ஃபோர்மேன் அண்ணனிடம் கேட்டேன். முதலில் தலையைச் சொறிந்தார். அப்புறம் சொன்னார்: "ஏனுங்க, சென்ட்ரிங் பலகைக்குப் பூச கட்டடத்துக்காரங்க கேப்பாங்க. டிரைவருங்க வில்லுப் பட்டைக்குப் பூச ஒரு கேன் எடுத்துக்குவாங்க. கரையானுக்குன்னு அக்கம்பக்கத்துல கேப்பாங்க. இல்லைன்னு எப்புடிங்க சொல்றது?"

கட்டடத்துக்காரர்கள் சும்மா வாங்கிப் போகவில்லை, டீச்செலவுக்குக் காசும் கொடுத்திருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. இதில் அவரைத் திட்டிப் பயனில்லை. ஊரில் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் நடப்பதுதான்.

கன்சல்டன்ட் சுலபமான வழி சொன்னார்: வாங்கிய கணக்கைக் குறைத்து எழுதிவிடலாம். முதலாளியிடம் கொண்டுபோனேன். கிளீனராகத் தொடங்கி இந்த செட்டை உண்டாக்கிய மனிதர். "இந்த வருசம் பொய் எழுதினா அடுத்த வருசமும் அதுக்குத் தோதா எழுதோணும். எனக்கு அவ்வளவு ஞாபகசக்தி இல்லை, வேண்டாம்" என்றார். ஆகவே எங்கள் உள் தணிக்கையிலேயே இதைக் குறைபாடாக எழுதி, பேரலுக்குப் பூட்டுப் போட்டு, வெளியே கொடுப்பதை நிறுத்தி, விட்டுப்போன படிவம் 4-ஐயும் தாமதமாகவே கொடுத்தோம். ஆடிட்டர் கண்டுபிடித்து எழுதுவதைவிட நாமே எழுதி வைத்திருப்பது எவ்வளவோ மேல். இரண்டாம் கட்டத்தில் இந்த ஒரு பக்கம்தான் எங்களைக் காப்பாற்றியது.

இப்போது நீலத் தாள். ஆயில் நம் இடத்தை விட்டுப் போகும்போது படிவம் 10 என்று ஒரு சரக்குச் சீட்டு எழுத வேண்டும். மொத்தம் ஏழு பிரதி, ஒவ்வொன்றும் ஒரு நிறம். வெள்ளை நாம் வாரியத்துக்கு அனுப்புவது. மஞ்சள், வண்டிக்காரர் கையெழுத்தோடு நம்மிடம் நிற்பது. பிங்க், ஆலை வைத்துக்கொள்வது. நீலம், சரக்கு வந்து சேர்ந்தது என்று கையெழுத்துப் போட்டு ஆலை நமக்குத் திருப்பி அனுப்புவது. மஞ்சள் இருந்தால் ஆயில் போனதற்குத்தான் சாட்சி. நீலம் இருந்தால்தான் போய்ச் சேர்ந்ததற்குச் சாட்சி. எங்களிடம் மூன்று லோடுக்கு மூன்று மஞ்சள் இருந்தது. நீலம் ஒன்றுகூட இல்லை.

ஆலைக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. நேரில் போனேன். இரண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ. அங்கே ஒரு குமாஸ்தா, தலையை நிமிர்த்தாமலே, "அதெல்லாம் கொரியர்ல போட்டாச்சு சார்" என்றார்.

"எப்போ?"

"அப்பவே."

"கொரியர் ரசீது?"

"அது இன்னொருத்தர் பாக்கறது. அவரு லீவு."

இரண்டாவது முறை போனபோது அந்த இன்னொருத்தர் இருந்தார், குமாஸ்தா லீவு. பீரோ சாவி குமாஸ்தாவிடம். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. புதுசாக ஒரு சரக்குச் சீட்டு எழுதிப் பழைய தேதி போட்டுத் தரட்டுமா என்று அந்த இன்னொருத்தர் கேட்டார், உபகாரம் செய்கிற குரலில். சீட்டில் வரிசை எண் இருக்கிறது, மஞ்சள் என்னிடம் இருக்கிறது, எப்படி ஒத்துப்போகும்? வேண்டாம் என்று வந்துவிட்டேன். வழி முழுக்க அந்த ஆலையை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் ஏதோ பேரிங் பில் தேடி ஃபோர்மேன் அண்ணனின் தகர அலமாரியைத் திறந்தேன். பில் கட்டுக்கு நடுவில், கிரீஸ் விரல் ரேகையோடு, நீலத் தாள் இரண்டு.

கொரியர்காரர் ஆபீஸ் பூட்டியிருக்கும் நேரத்தில் வந்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "கலர் பேப்பரா இருக்குதேன்னு பத்திரமா வெச்சேனுங்க" என்றார் அண்ணன். குமாஸ்தா சொன்னது மூன்றில் இரண்டு பங்கு உண்மை. என் கோபத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

மூன்றாவது தாள் நிஜமாகவே அவர்கள் பக்கம் தொலைந்திருந்தது. மூன்றாவது பயணத்தில் வரிசை எண்ணை எழுதிக்கொண்டு போய், ஆலை வைத்திருந்த பிங்க் பிரதியைத் தேடி எடுக்க வைத்து, அதன் நகலில் சீலும் கையெழுத்தும் வாங்கி, லெட்டர்பேடில் ஒரு கடிதமும் வாங்கி வந்தேன். ஆடிட்டர் அதை ஏற்றுக்கொண்டார். இதே நிலைமையில் மாட்டினால் நீலத்தைக் கேட்டுச் சண்டை போடாதீர்கள், பிங்கைக் கேளுங்கள்.

இன்னொரு விஷயம், யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். இந்தக் கழிவை 90 நாளுக்கு மேல் சேர்த்து வைக்கக் கூடாது. ஆலைக்காரரோ ஒரு குறிப்பிட்ட அளவு சேர்ந்தால்தான் வண்டி அனுப்புவேன் என்பார். எங்கள் மாதிரி செட்டுக்கு 90 நாளில் அவ்வளவு சேராது. வருடத்துக்கு 10 டன் வரை கழிவு வரும் சிறிய இடங்களுக்கு வாரியம் அந்தக் கெடுவை 180 நாள் வரை நீட்டித்துத் தர விதியில் இடமிருக்கிறது. விண்ணப்பித்து வாங்க வேண்டும், தானாக வராது. எழுத்தில் வாங்காமல் 91-வது நாள் பேரலை வைத்திருந்தால் அது விதிமீறல்தான்.

பழைய பேட்டரியைக் கடையில் மாற்றும்போது ரசீதில் பழையதைத் திருப்பிக் கொடுத்ததும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கி வையுங்கள். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்ட, அதாவது ரீசோலுக்குக் கொடுத்த பில்லையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஆயில் கொட்டினால் என்ன செய்வது என்று ஒத்திகை ஒன்று நடத்த வேண்டும். இரண்டு பக்கெட் தண்ணீரில் சாயம் கலந்து கொட்டினோம். மணலும் மரத்தூளும் கொண்டு ஆட்கள் ஓடி வருவதற்குள் தண்ணீர் எங்கள் ரேம்ப் தொட்டிப் பக்கம் போகாமல் கேட்டைத் தாண்டி ரோட்டோரச் சாக்கடையில் இறங்கிவிட்டது. இத்தனை வருடமாக ரேம்ப் தண்ணீரும் அப்படித்தான் போயிருக்கிறது. ஒரு கொத்தனார், இரண்டு நாள், சிமென்ட் வரப்பு. சரி, அதற்காகத்தானே ஒத்திகை.

இரண்டாம் கட்ட ஆடிட் நாளில் ஆடிட்டர் ஃபைலைத் தொடவே இல்லை, நேரே ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தார். கம்பெனியின் சுற்றுச்சூழல் கொள்கையை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ய வைத்திருந்தார் கன்சல்டன்ட், அதற்குப் பயந்து டிரைவர்கள் பாதிப் பேர் அன்று கண்ணில் படவே இல்லை. மாட்டியவர் இருபது வருடமாக ஓட்டும் பெரியவர். கொள்கை என்ன என்று கேட்டதும் ஒரு நிமிடம் யோசித்தார். "எஞ்சினைச் சும்மா ஓட விடக்கூடாதுங்க. டயர்ல காத்துப் பாக்கோணும். வேஸ்ட் ஆயிலை மண்ணுல ஊத்தக்கூடாது, இப்ப கேட்டாலும் தர மாட்டேங்கறாங்க." ஆடிட்டர் சிரித்துவிட்டார். எனக்கு அந்தப் பெரியவர் காலில் விழலாம் போல இருந்தது.

ஒரே ஒரு சிறு குறைபாடு எழுதினார்: ரேம்ப் தொட்டியில் அள்ளிய எண்ணெய்ச் சேற்றுக்கு லேபிளும் இல்லை, பதிவும் இல்லை. மூன்று வாரத்தில் சரிசெய்து அனுப்பினோம். சான்றிதழ் மூன்று வருடத்துக்கு, நடுவில் வருடா வருடம் வந்து பார்ப்பார்கள்.

பேரல் சாவி இப்போது என் மேஜை டிராயரில் இருக்கிறது. கொரியர் எது வந்தாலும் ஆபீஸுக்குத்தான் என்று கேட்டில் எழுதி ஒட்டியிருக்கிறோம். புதுச் சான்றிதழுக்குப் பிறகு முதல் லோடு ஆயில் போய் இன்றோடு 12 நாள் ஆகிறது. நீலத் தாள் இன்னும் வரவில்லை. நாளை காலை போன் செய்ய வேண்டும், அதற்கு முன்னால் அண்ணனின் தகர அலமாரியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.