உறையில் குவைத் என்று எழுதக்கூடாது

2018 சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு தங்கச்சி நியூ ஜெர்சியிலிருந்து அழைத்தாள். மகனைக் குவைத்துக்கு அனுப்புகிறார்களாம், ஒன்பது மாதம். என் பெறாமகன் அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்து அப்போது இரண்டு வருடம். திருகோணமலையில் வளர்ந்த எங்களுக்கு இராணுவம் என்றால் சோதனைச் சாவடியும், பஸ்ஸை விட்டு இறங்கி அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடந்ததும்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். அவன் சீருடையில் நிற்கும் படம் வந்தபோது அம்மா அதைச் சுவரில் மாட்டவில்லை, அலுமாரியில் சேலைகளுக்கு நடுவே வைத்தார். ஆனால் குவைத் என்று கேட்டதும் அன்றைக்கே எள்ளு வாங்கி வரச் சொன்னதும் அம்மாதான்.

அந்த ஒன்பது மாதத்தில் நானும் அம்மாவும் பதினொரு கடிதமும் இரண்டு பொதியும் அனுப்பினோம். எப்படி அனுப்புவது என்று பிறகு இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள், அவர்களுக்கும் பிள்ளைகள் அங்கே படையில். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் கடிதத்திலேயே பிழை விட்டேன். தங்கச்சி அனுப்பிய முகவரியில் அவன் பெயர், யூனிட் இலக்கம், பெட்டி இலக்கம், அதற்குக் கீழே ஏபிஓ, ஏஈ, ஐந்து இலக்கத் தபால் குறியீடு, இவ்வளவுதான் இருந்தது. ஊரும் இல்லை, நாடும் இல்லை. பிள்ளை அவசரத்தில் விட்டுவிட்டாள் என்று நினைத்து, கடைசி வரியில் நானே பெரிய எழுத்தில் குவைத் என்று எழுதிப் போட்டேன். அந்தக் கடிதம் அவனுக்குக் கிடைக்கவே இல்லை.

விஷயம் இதுதான். ஏபிஓ என்பது அமெரிக்க இராணுவத் தபால் நிலையம், கடற்படைக்கு என்றால் எஃப்பிஓ. ஊர்ப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அதை எழுதுகிறார்கள். மாநிலம் இருக்கவேண்டிய இடத்தில் ஏஈ, ஏபி, ஏஏ என்ற மூன்றில் ஒன்று வரும். ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆபிரிக்கா எல்லாம் ஏஈ, பசுபிக் பக்கம் ஏபி. அவன் நிற்கிற நாட்டின் பெயரையோ முகாமின் பெயரையோ எழுதினால் கடிதம் அந்த நாட்டின் சாதாரணத் தபாலுக்குள் போய்விடும், அங்கே யூனிட் இலக்கத்தை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இலங்கையிலிருந்து போடுகிறவர்கள் கடைசி வரியில் யூஎஸ்ஏ என்று மட்டும் எழுதவேண்டும். கடிதம் முதலில் அமெரிக்காவுக்குப் போய், சிகாகோவில் மற்றப் படைத் தபால்களோடு பிரிபட்டு, பிறகுதான் குவைத்துக்குப் போகும்.

எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கமான பெண் ஒருத்தி குவைத்தில் ஆறு வருடம் வீட்டு வேலை செய்தவள். கொழும்பில் விமானம் ஏறினால் ஐந்தாறு மணித்தியாலத்தில் போய் இறங்குகிற ஊருக்குக் கடிதம் ஏன் உலகத்தைச் சுற்றிப் போகவேண்டும் என்று அவளுக்கு ஆறவே இல்லை. எனக்கும்தான். ஆனால் அந்த நீண்ட வழியில் போட்ட இரண்டாவது கடிதம் ஐந்து கிழமையில் அவன் கையில் கிடைத்தது.

தபால் கந்தோரில் பதிவுத் தபாலுக்குக் கொடுத்தபோது கவுண்டரில் இருந்த தம்பியும் என்னைப்போலவே ஊர்ப் பெயரைத் தேடினார். நியாயம்தானே. நான் விளக்கிச் சொன்னேன், பதிவுத் துண்டில் அமெரிக்கா என்று போட்டுத் தந்தார். அடுத்த முறை என்னைக் கண்டதும், "குவைத் இல்லை, அமெரிக்கா, சரிதானே அன்ரி?" என்று அவரே கேட்டார்.

அம்மா கடிதத்துக்குள் கோணேசர் கோயில் திருநீறு மடித்து வைக்கவேண்டும் என்று நின்றார். நானும் மடித்து வைத்துவிட்டேன், நல்ல காலம் ஒட்டுவதற்கு முதல் தங்கச்சியிடம் சொன்னேன். அவள் பதறிப்போனாள். 2001இல் அமெரிக்காவில் ஆந்திராக்ஸ் கிருமித் தூளைக் கடிதங்களில் வைத்து அனுப்பி ஐந்து பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு உறைக்குள் எந்தத் தூள் இருந்தாலும் அது பெரிய பிரச்சினை. அதற்கு முதல் யாரோ ஒரு படைவீரருக்கு என்று பெயரில்லாமலே கடிதமும் பொதியும் அனுப்பலாமாம், அந்த வருடம் அதையும் நிறுத்திவிட்டார்கள், இப்போது ஆளின் பெயர் கட்டாயம் வேண்டும். இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? திருநீற்றை எடுத்துவிட்டு, முகவரி எழுதிய உறையை மட்டும் கோயிலுக்குக் கொண்டுபோய் அர்ச்சனைத் தட்டில் தேங்காய்க்குப் பக்கத்தில் வைத்தோம். தீபம் காட்டி முடிந்ததும் அம்மா அதைச் சேலைத் தலைப்பால் துடைத்து என் கையில் தந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிதமும் அப்படித்தான் போனது.

பொதி வேறு கதை. அதை இங்கிருந்து நேரே ஏபிஓவுக்கு அனுப்பாமல் நியூ ஜெர்சிக்கு அனுப்பி, அங்கிருந்து தங்கச்சி அனுப்பினாள், உங்களுக்கும் அதையே சொல்வேன். ஏபிஓவுக்குப் போகிற பொதிக்கு அவர்கள் உள்ளூர்க் கட்டணம்தான் எடுக்கிறார்கள். தபால் நிலையத்திலேயே இலவசமாகப் பெட்டி தருவார்கள். அந்தப் பெட்டிக்குள் 70 இறாத்தல் வரை எவ்வளவு பாரம் வைத்தாலும் ஒரே கட்டணம், படையினருக்கான பெரிய பெட்டிக்கு அதிலும் கொஞ்சம் குறைவு. சுங்கப் படிவத்தில் அன்பளிப்பு என்று மட்டும் எழுதினால் போதாது, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எழுதவேண்டும். குவைத் என்பதால் பன்றி இறைச்சி, மதுபானம் ஒன்றும் கூடாது. லைட்டர், ஸ்பிரே எங்கே என்றாலும் கூடாது.

இங்கிருந்து அமெரிக்காவுக்குச் சாப்பாட்டுச் சாமான் அனுப்புவதற்கும் விதி இருக்கிறது. உங்கள் வீட்டில் நீங்களே செய்து, நீங்களே அன்பளிப்பாக அனுப்புகிற பலகாரத்துக்கு அவர்களுடைய உணவுத் திணைக்களத்துக்கு முன்னறிவித்தல் கொடுக்கத் தேவையில்லை. இறைச்சி கலந்தது எதையும் வைக்காதீர்கள். பெட்டியை வீட்டிலேயே ஒட்டிக்கொண்டு போகவும் வேண்டாம், கந்தோரில் திறந்து காட்டிவிட்டு அங்கேயே ஒட்டுங்கள், ஒட்டு நாடாவையும் கத்தரிக்கோலையும் பையில் கொண்டுபோங்கள்.

முதல் பொதியில் எள்ளுப்பாகு, முறுக்கு, பனங்கட்டி, இரண்டு சந்தனச் சவர்க்காரம். சவர்க்காரம் வைத்தது என் யோசனை. முறுக்கை நன்றாகக் கட்டியிருந்தேன், சவர்க்காரத்தையும் பொலித்தீன் பையில் போட்டிருந்தேன், ஆனால் இரண்டு மாதம் ஒரே பெட்டிக்குள் அந்த வெயிலில் கிடந்தால் எந்தப் பை தாங்கும். முறுக்கு முழுக்கச் சந்தன வாசனை, அதோடு உடைந்து தூளாகவும் போய்விட்டது. "பரவாயில்லை பெரியம்மா, கரண்டியால அள்ளிச் சாப்பிட்டோம்" என்று தொலைபேசியில் சொன்னான். எனக்கு மனம் பொறுக்கவில்லை. அம்மா அடுப்படியில் காலை நீட்டியிருந்து பிழிந்த முறுக்கு அது.

இரண்டாவது பொதியில் அதனால் எல்லாம் மாறியது. முறுக்குக்குப் பதிலாகப் பருத்தித்துறை வடை, பால்மா டின்னில் வரிசையாக நிமிர்த்தி அடுக்கி, இடைவெளியில் கடதாசி கசக்கி அடைத்தேன். தேங்காய்ப்பூ சேர்ந்தது எதையும் வைக்கவில்லை, அது காறிப்போகும். சொக்கலேட் வேண்டாம் என்று பக்கத்து வீட்டுப் பெண் முதலிலேயே சொல்லியிருந்தாள், கோடையில் அங்கே 50 பாகையைத் தொடுமாம். எள்ளுப்பாகு மட்டும் இரண்டு முறையும் அப்படியே போய்ச் சேர்ந்தது. அவன் கேட்டது வறுத்து இடித்த மிளகாய்த்தூள், முகாம் சாப்பாட்டில் ஒன்றுமே உறைக்காது என்றான். அதைச் சின்னச் சின்னப் போத்தலில் போட்டு மூடியைச் சுற்றி ஒட்டி, போத்தலுக்கு மேலே என்ன தூள் என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்தோம். படிவத்தில் தங்கச்சி அதைத் தனி வரியாக எழுதினாள். தீபாவளிக்கு இரண்டு நாள் பிந்திப் போய்ச் சேர்ந்தது. இன்னும் ஒரு கிழமை முந்தி அனுப்பியிருக்கவேண்டும்.

கடிதத்தில் என்ன எழுதுவது என்று கேட்கிறார்கள். எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய் என்று கேட்காதீர்கள், அவர்களால் பதில் எழுத முடியாது. முகவரியை முகநூலில் போடவும் வேண்டாம். நான் வீட்டுக் கதைதான் எழுதினேன், பெரிய எழுத்தில், ஏனென்றால் அவன் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். கிணறு இறைத்தது, உப்புவெளியில் மீன் விலை, அம்மம்மாவின் முழங்கால்.

ஆவணியில் அவனுடைய பதில் வந்தது. அவர்கள் அங்கிருந்து அமெரிக்காவுக்குக் கடிதம் போட முத்திரை தேவையில்லை. முத்திரை ஒட்டும் மூலையில் கையாலேயே இலவசத் தபால் என்று ஆங்கிலத்தில் எழுதினால் போதும். இலங்கைக்கு அந்தச் சலுகை இல்லாததால் அவன் தாய்க்குப் போட்டு, தங்கச்சி அதை அப்படியே இன்னொரு உறைக்குள் வைத்து அனுப்பியிருந்தாள். அந்த உள் உறையை அம்மா நெடுநேரம் கையில் வைத்திருந்தார். முத்திரை இல்லாத மூலையை விரலால் தடவிப் பார்த்தார். உள்ளே ஒரே பக்கம், கோணல் மாணலான தமிழ். எட்டு வயதில் இங்கே வந்தபோது கோட்டைக்குள் ஒரு மான் அவன் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பறித்துத் தின்றது. அந்த மான்கள் இன்னும் நிற்கின்றனவா என்று கேட்டிருந்தான். நிற்கின்றன என்று அடுத்த நாளே இரண்டு பக்கம் எழுதினேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: தபாலை எப்போது நிறுத்தவேண்டும் என்று. அவர்கள் திரும்புவதற்கு ஒரு மாதத்துக்கும் முந்தியே இனி ஒன்றும் போடவேண்டாம் என்று சொல்வார்கள். எனக்கு அது தெரியாது. மார்கழியில் போட்ட பதினொராவது கடிதம் போய்ச் சேர்வதற்குள் அவன் நியூ ஜெர்சிக்கு வந்துவிட்டான். பங்குனி மாதம் தபால்காரர் அதை எங்கள் வீட்டுப் படலையடியில் திரும்பக் கொண்டுவந்து தந்தார், ஒரு மூலை மடங்கி, மேலே இரண்டு மூன்று ஊதா முத்திரை குத்தி. உடைக்கவேண்டாம், அவன் வரும்போது அவனே வாசிக்கட்டும் என்று அம்மா வாங்கிக்கொண்டுபோய் அலுமாரியைத் திறந்தார்.