சின்னம்மாவின் காதும் ஒரு பஞ்சுக்குச்சியும்

என் சின்னம்மாவுக்குக் காது கேளாமற் போனதற்கு எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட காரணம், நாலு வயதில் கடுங்காய்ச்சலுக்குப் போட்ட ஊசிதான். 'காய்ச்சல் மாறிச்சுது, காது போச்சுது' என்று அம்மம்மா சொல்லும்போதெல்லாம், படித்தவர்கள் என்ற நினைப்பில் நாங்கள் அதை ஊர்க்கதையாகவே ஒதுக்கினோம். உறவினர் சிலரோ, மச்சானும் மச்சாளும் மணமுடித்ததன் விளைவு என்றார்கள். கடந்த மாசியில் என் பெறாமகளின், அதாவது அக்கா மகளின், குழந்தை மாதம் நிறையாமற் பிறந்து, கிருமித்தொற்றுச் சந்தேகத்தில் ஜென்ராமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஏற்றப்பட்டபோதுதான் அந்த ஊசிக்கதை எனக்கு உறைத்தது.

பச்சிளங்குழந்தைகளின் தொற்றுக்கு உலகெங்கும் முதலில் எடுக்கப்படும் மருந்துகளுள் ஜென்ராமைசினும் ஒன்று. அது காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை. பற்றீரியாக்கள் புரதம் செய்யும் பொறியைப் பற்றிப்பிடித்து அவற்றைக் கொல்வதே அதன் வேலை. நம் கலங்களுக்குள் சக்தி தரும் இழைமணிகளோ ஆதியில் பற்றீரியாக்களிலிருந்து வந்தவை, ஆகையால் அவற்றின் பொறியும் ஏறத்தாழ அதே சாயலுடையது. இழைமணி மரபணுவில் 1555ஆம் இடத்து எழுத்து ஒன்று மாறியிருந்தால், அந்தச் சாயல் இன்னும் நெருங்கி, மருந்து உட்காதில் ஒலியை உணரும் மயிர்க்கலங்களையும் பகையாக எண்ணி அழித்துவிடுகிறது. அழிந்த கலங்கள் மீண்டும் முளைப்பதில்லை. 1993இல் கண்டறியப்பட்ட இந்த மாற்றம், ஐரோப்பியரிடையே ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. காசநோய்க்குப் போடப்பட்ட ஸ்ரெப்ரோமைசினும் இதே குடும்பத்து மருந்துதான்.

இழைமணிகள் தாயிடமிருந்தே வருகின்றன. யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டமான தேசவழமையில் சீதனம் தாயிடமிருந்து மகளுக்குப் போவதைப் போல இம்மாற்றமும் பெண்வழியே இறங்குகிறது. ஆண்பிள்ளைகளுக்கும் கிடைக்கும், ஆனால் அவர்களோடு நின்றுவிடும். தகப்பன் மச்சானா அந்நியனா என்பதற்கு இதில் இடமேயில்லை. அம்மம்மாவிடமிருந்து அம்மா, சின்னம்மா, அக்கா, பெறாமகள் என்று விரல் மடித்து எண்ணியபோது, கண்ணாடித் தொட்டிலில் கிடந்த குழந்தையிடம் வந்து நின்றேன்.

மான்செஸ்ரரிலும் லிவர்பூலிலும் நடந்து 2022இல் வெளியான ஆய்வொன்றில், குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் மெதுவாகத் தடவி, கட்டிலருகே வைத்த சிறு கருவியில் இந்த மாற்றம் உண்டா என்பதற்கு 26 நிமிடங்களில் விடை பெற்றார்கள். ஊசியும் இல்லை, குருதியும் இல்லை. பரிசோதித்த 751 குழந்தைகளுள் மூவரிடம் மாற்றம் தெரிந்து, அவர்களுக்கு வேறு மருந்து கொடுக்கப்பட்டது. முதல் மருந்து கொடுக்கும் நேரமும் பிந்தவில்லை. தொற்றுற்ற குழந்தைக்கு ஒரு மணி நேரம் எவ்வளவு பெரிது என்பது தெரிந்தவர்களுக்கு, எனக்குப் போலவே, இந்தக் கடைசிச் செய்திதான் பெரிதாகப் படும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: இந்தக் குச்சி இந்த ஒரு மாற்றத்தையே காட்டும், பிறவிச் செவிட்டுக்கு வேறு பல மரபணுக்களும் காரணமாகலாம்.

குழந்தை கேட்டல் பரிசோதனையில் தேறிவிட்டது. ஆனால் நன்றாகக் கேட்கும் காது, மாற்றம் இல்லை என்பதற்குச் சாட்சியாகாது. மருந்து படும்வரை அது பேசாமல் இருக்கக்கூடும். ஆகவே குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டில், தாய்வழிப் பாட்டியின் சின்னம்மாவுக்கு ஊசிக்குப் பின் செவிப்புலன் போனது என்று எழுதித் தரும்படி வைத்தியரிடம் கேட்டோம். அவர் எழுதும்போது சின்னம்மா பக்கத்திலிருந்து, தன் பெயர் சரியாக எழுதப்படுகிறதா என்று எட்டிப் பார்த்தார்.