செத்துப்போன தொகுதிக்கு ஒரு டிக்கெட்: பாஸ்டனில் ஒரு நாள்

முதலில் அந்த டாக்ஸிக்காரர் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மனசு ஆறாது. சார்ல்ஸ்டவுன் மேட்டிலிருந்து பாஸ்டன் நகருக்குள் வர அரை மணி நடை போதும். கால் கெஞ்சியதால் வண்டி பிடித்தேன். மனுஷன் பாலம் பாலமாகச் சுற்றிக் காட்டிவிட்டு 31 டாலர் என்றார். அன்றைக்கு மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் சேர்த்து நான் ஒதுக்கியிருந்ததே 30 டாலர். மீட்டர் என்னவோ சரியாகத்தான் ஓடியது, வழிதான் தப்பு. வாதாட இங்கிலீஷும் வரவில்லை, கோபம் தமிழில்தான் வந்தது.

கால் ஏன் கெஞ்சியது என்றால், அந்த மேட்டில் பங்கர் ஹில் நினைவுத் தூண் இருக்கிறது. 294 படி, லிஃப்ட் கிடையாது, அனுமதி இலவசம். இலவசம் என்ற ஒரே காரணத்துக்காக ஏறினேன். உச்சியில் ஒரு சின்ன அறை, நாலு பக்கமும் கண்ணாடி ஜன்னல். மூச்சு வாங்கியபடி கீழே பார்த்து நான் தேடியது, இப்போது எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு தொகுதியை. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் 11-ஆவது காங்கிரஸ் தொகுதி, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபைக்கு ஆள் அனுப்பிய தொகுதி.

தொகுதி மறுவரையறைச் சண்டையை நம் ஊர்த் தொலைக்காட்சிகளில் பார்த்துப் பார்த்து, சீட்டை இழந்த ஊர் எப்படி இருக்கும் என்று ஒரு ஆசை வந்துவிட்டது. அமெரிக்காவில் இது பழகிப்போன விஷயம். பத்து வருடத்துக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதை வைத்துக் கீழ்ச்சபையின் 435 இடங்களை மாநிலங்கள் பங்கு போட்டுக்கொள்ளும். மற்ற மாநிலங்கள் வேகமாக வளர, மாசச்சூசெட்ஸின் பங்கு சுருங்கிக்கொண்டே வந்தது. 1910 கணக்கெடுப்புக்குப் பிறகு 16 இடங்கள். இன்றைக்கு 9. 1990 கணக்கெடுப்பில் 11 என்பது 10 ஆனது. எண் வரிசை என்பதால் கடைசி எண்ணின் கழுத்தில்தான் கத்தி விழும். 1993-இல் 11-ஆவது தொகுதி போயே போச்சு.

எண்தான் போனது, ஆட்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். ஃபனியூல் ஹால் பக்கத்தில் ஜேம்ஸ் மைக்கேல் கர்லிக்கு இரண்டு வெண்கலச் சிலைகள். ஒரே ஆள்தான், ஒன்றில் நிற்கிறார், இன்னொன்றில் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். விடுதியிலிருந்து மடித்துக் கொண்டுபோன ரொட்டியை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்றேன். பாஸ்டனில் இதைவிட மலிவான மதிய விருந்து கிடையாது. கர்லி 1943-இலிருந்து 1947 தொடக்கம் வரை இந்தத் தொகுதியின் உறுப்பினர். 1945-இல் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பாஸ்டன் மேயர் தேர்தலில் ஜெயித்தார். 1947-இல் அஞ்சல் மோசடிக்காக, மேயராக இருக்கும்போதே ஜெயிலுக்குப் போனார். ஐந்து மாதத்தில் அதிபர் ட்ரூமன் தண்டனையைக் குறைக்க, நேராக மேயர் நாற்காலிக்கே திரும்பி வந்து உட்கார்ந்தார். படித்தபோது அந்நிய நாட்டுச் செய்தி போலவே இல்லை.

கர்லி காலி செய்த அந்த இடத்துக்கு 1946-இல் போட்டியிட்டவர் 29 வயது ஜான் எஃப். கென்னடி. அப்போது இந்தத் தொகுதி கேம்பிரிட்ஜ், சார்ல்ஸ்டவுன், கிழக்கு பாஸ்டன் என்று தொழிலாளர் குடியிருப்புகளாகப் பரந்து கிடந்தது. பணக்கார வீட்டுப் பையனுக்கு அங்கே சொந்த விலாசம்கூட இல்லை. அதனால் பௌடின் தெரு 122-ஆம் எண் கட்டடத்தில் ஒரு ஃபிளாட் வாடகைக்கு எடுத்தார். சாகும்வரை அதுதான் அவருடைய வாக்காளர் முகவரி. நான் போய் வாசலில் நின்றேன். சாதாரணச் செங்கல் கட்டடம். யாரோ துணி மூட்டையோடு வெளியே வந்தார், என்னை ஒரு மாதிரி பார்த்தார், நகர்ந்துவிட்டேன்.

வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஜனநாயகக் கட்சிக்குள் நடந்த தேர்தலில் ஜோசப் ருஸ்ஸோ என்று இத்தாலிய வம்சாவளி வேட்பாளர் ஒருவர் இருந்தார். திடீரென்று இன்னொரு ஜோசப் ருஸ்ஸோவும் வாக்குச்சீட்டில் முளைத்தார். கென்னடி தரப்பின் வேலை என்று இன்றுவரை சொல்கிறார்கள். 2024-இல் ராமநாதபுரத்தில் வரிசைகட்டி நின்ற பன்னீர்செல்வங்கள் ஞாபகம் வந்து தெருவிலேயே சிரித்துவிட்டேன். வாக்குப்பதிவு ஜூன் 18. முந்தின நாள் சார்ல்ஸ்டவுனில் பங்கர் ஹில் தின ஊர்வலம். அதில் நடந்தே வந்த கென்னடி முடிவில் சுருண்டு விழுந்தார். 294 படி ஏறிய எனக்கே அந்த மேடு என்ன செய்தது என்று மேலே சொல்லிவிட்டேன்.

1953-இல் அவர் செனட்டுக்குப் போக, இடத்துக்கு வந்தவர் டிப் ஓ'நீல், பின்னாளில் பத்து வருடம் சபாநாயகர். இவரைப் பற்றி எனக்குப் பிடித்த கதை அவர் தோற்றது. மாணவராக இருந்தபோது கேம்பிரிட்ஜ் நகர மன்றத்துக்கு நின்று சொற்ப வாக்குகளில் தோற்றார். எதிர்வீட்டு அம்மாள் அவரிடம், நீ கேட்காவிட்டாலும் உனக்குத்தான் போடப்போகிறேன் என்றாராம். தெரிந்தவர்தானே என்று அவரிடம் இவர் ஓட்டே கேட்டிருக்கவில்லை!

மதியத்துக்கு மேல், பாஸ்டனுக்குத் தெற்கே இருக்கும் குவின்ஸி. ரெட் லைன் ரயில், ஒரு தடவைக்கு 2.40 டாலர். அந்தப் பாதை நடுவில் இரண்டாகப் பிரிகிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள், நான் அரைத்தூக்கத்தில் இருந்தேன். பிரெயின்ட்ரீ ரயிலுக்குப் பதில் ஆஷ்மான்ட் ரயிலில் ஏறி, ஃபீல்ட்ஸ் கார்னரில் முழித்துக்கொண்டேன். இறங்கினால் தெரு முழுக்க வியட்நாமியக் கடைகள். டாக்ஸி தின்ற காசை நினைத்துக்கொண்டே ஒரு சின்னக் கடையில் ஃபோ என்கிற நூடுல்ஸ் சூப் கேட்டேன். வாளி அளவுக் கிண்ணத்தில் வந்தது. பட்டையும் அன்னாசிப்பூவும் மணக்கும் சாறு, தனித்தட்டில் துளசி மாதிரி ஒரு இலை, முளைப்பயறு, வெட்டின எலுமிச்சை, பச்சைமிளகாய். பயணம் முழுக்கச் சாப்பிட்டதில் இதுதான் உச்சம். சாறு குடித்து முடிக்கும்போது நெற்றி வியர்த்து, டாக்ஸிக்காரரைக்கூட மன்னித்துவிட்டேன். பாதி.

தவறி இறங்கினாலும் அந்த டார்செஸ்டர் பகுதிதான் தொகுதியின் கடைசி உறுப்பினர் பிரையன் டோனலி பிறந்த இடம். 1963-இல் எல்லைகளை மாற்றியபோது ஓ'நீல் 8-ஆம் எண்ணுக்குப் போனார், 11 என்ற எண் தெற்கே தாவி, ஜேம்ஸ் பர்க் கைக்கு வந்து, 1979-இல் டோனலிக்குப் போனது. இந்த டோனலி பெயரில்தான் 1986 சட்டத்தில் ஒரு விசா ஏற்பாடு வந்தது. முந்தி அஞ்சல் போட்டவருக்கு முன்னுரிமை. ஐரிஷ்காரர்கள் கட்டுக்கட்டாக விண்ணப்பம் போட்டார்கள். பின்னாளில் வந்த கிரீன் கார்டு குலுக்கலுக்கு இது ஒரு முன்னோடி. அந்தக் குலுக்கலில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இடமில்லை என்பது நம்மில் பலருக்கும் தெரிந்த வயிற்றெரிச்சல்.

குவின்ஸி போய்ச் சேரும்போது நாலு மணி. தேவாலயத்தின் நிலவறையில் நாலு கருங்கல் சவப்பெட்டிகள்: அமெரிக்காவின் இரண்டாவது அதிபர் ஜான் ஆடம்ஸ், மனைவி அபிகெயில், மகன் ஜான் குவின்ஸி ஆடம்ஸ், அவர் மனைவி லூயிசா. மகன் அதிபர் பதவி முடிந்து ஓய்வெடுக்காமல், 1831-இல் 11-ஆவது தொகுதியின் உறுப்பினராகக் கீழ்ச்சபைக்குப் போனவர். அதற்குப் பிறகு அவருடைய தொகுதி எண் 12 ஆனது, 8 ஆனது, ஆள் மட்டும் மாறவில்லை. அடிமை ஒழிப்பு மனுக்களைப் பேசவே கூடாது என்ற விதியை எதிர்த்து வருடக்கணக்கில் மல்லுக்கட்டி, 1844-இல் அதை நீக்கவைத்தார். 1848-இல் சபையிலேயே மயங்கி விழுந்து, இரண்டு நாளில் அந்தக் கட்டடத்திலேயே இறந்தார். அறை ஈரமாக, பம்புசெட் தொட்டி மாதிரி சில்லென்று இருந்தது. கல்லைத் தொட்டுப் பார்த்தேன். ஆடம்ஸ் எந்த எண் தொகுதி என்று வழிகாட்டிய தன்னார்வலப் பாட்டியிடம் கேட்டேன். "பிளிமத் தொகுதி" என்றார். எண்ணைக் கேட்டதற்குச் சிரித்தார்.

செலவுக் கணக்கும் ரயில் வரைபடமும் தனியாகப் போடுகிறேன் என்று போன பதிவில் சொல்லியிருந்தேன். சரி, இதோ: குவின்ஸி போகிறவர்கள் ரயிலின் நெற்றியில் பிரெயின்ட்ரீ என்று இருக்கிறதா பார்த்து ஏறுங்கள். பசித்தால் ஆஷ்மான்ட்.