சபையில் இன்னைக்கு என்ன?

அக்டோபர் 12

வழுக்கி விழுந்த அம்மாவுக்கு மூட்டு அறுவை முடிந்தது. கண் திறந்ததும் கேட்டது: "என் வளையலை யார்ட்ட குடுத்தே?"

அக்டோபர் 14

பேச ஒன்றும் இல்லை. ஊர்ச் செய்தியெல்லாம் தம்பி போனில் சொல்லித் தீர்த்துவிடுகிறான். வலி எப்படி, சாப்பாடு எப்படி என்று எத்தனை தடவைதான் கேட்பது. மடியில் இருந்த தடிப் புத்தகத்தைப் பார்த்து, "அதென்ன, மளிகைக்கடைக் கணக்கு நோட்டு மாதிரி?" என்றாள். இந்த ஃபிராங்க்ஃபர்ட்டில் 1848இல் ஒரு சபை கூடியது, அதில் பேசியதை வரிக்கு வரி எழுதி வைத்திருக்கிறார்கள், ஒன்பது தொகுதி என்றேன். "படி."

படித்தால் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுவாள். அதனால் கதையாகச் சொன்னேன். அப்போது ஜெர்மனி என்று ஒரே நாடு கிடையாது. முப்பத்துச் சொச்சம் அரசுகள். அந்த வருடம் மார்ச் மாதம் பெர்லினிலும் வியன்னாவிலும் ஜனங்கள் தெருவில் இறங்க, ராஜாக்கள் பயந்து இறங்கி வந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே நாடாக்கி அரசியல் சட்டம் எழுத ஊர் ஊராகத் தேர்தல் நடந்தது. மே 18ஆம் தேதி உறுப்பினர்கள் ரோமர் மண்டபத்தில் கூடி, கறுப்பு சிவப்பு பொன் கொடிகளுக்கு நடுவே நடந்து, புனித பவுல் தேவாலயத்துக்குள் போனார்கள். மணி அடித்தது, பீரங்கி முழங்கியது.

"கோயிலுக்குள்ளயா சட்டசபை?"

ஆமாம் அம்மா. ஊரில் வேறு பெரிய கூடம் இல்லை.

"செருப்பைக் கழட்டினாங்களா?"

அக்டோபர் 15

பிசியோ பெண் வந்து எழுப்பி உட்கார வைத்தாள். நாலு நிமிடம். முகமெல்லாம் வேர்வை. பெரியகோயில் படி ஏறினவள் என்று அவளிடம் சொல்லச் சொன்னாள் அம்மா. சொன்னேன்.

அக்டோபர் 16

"சபையில் இன்னைக்கு என்ன?" நான் பையைக் கீழே வைப்பதற்குள் கேட்டாள்.

உறுப்பினர் பட்டியலைச் சொன்னேன். ஒரே சமயத்தில் 585 இடம். விலகியவர், மாற்றாக வந்தவர் எல்லோரையும் சேர்த்தால் 800க்கு மேல் போகும். பேராசிரியர் சபை என்று கேலியாகப் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. அரசு அதிகாரிகளும் நீதிபதிகளும் வக்கீல்களும்தான் நிறைய. கைத்தொழில் செய்தவர் நாலு பேர். சிறு விவசாயி ஒருவர்.

அம்மா விரலை நீட்டி "ஒண்ணா?" என்றாள். அப்புறம் ரொம்ப நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாத்தா களத்தில் நின்று மரக்கால் எண்ணியதை நினைத்தாளோ என்னவோ. "அவன் எங்க உக்காந்திருந்தான்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இதைத் தேடியாக வேண்டும்.

அக்டோபர் 17

கட்சிகள். அப்போது கட்சி என்று முறையாக எதுவும் இல்லை. சாயங்காலம் எந்த விடுதியில் கூடுகிறார்களோ அதுதான் பெயர். காசினோ, வுர்ட்டெம்பெர்கர் ஹோஃப், வெஸ்ட்எண்ட்ஹால், டாய்ச்சர் ஹோஃப், டோனர்ஸ்பெர்க். வலது ஓரத்தில் கஃபே மிலானி. நாளைக்கு எப்படி ஓட்டுப் போடுவது என்று முந்தின நாள் இரவு அங்கே பேசி முடிவு செய்வார்கள். அம்மாவுக்கு இது உடனே பிடிபட்டது. "நம்மூர்ல டீக்கடை பெஞ்சு." அவ்வளவேதான். ஒரு நாட்டின் கட்சி முறை இப்படித்தான் முளைத்தது என்பதை அவளிடம் சொல்லும்போதுதான் எனக்கே முழுசாக உறைத்தது.

டாய்ச்சர் ஹோஃப் ஆள் ஒருவரையும் அறிமுகப்படுத்திவிட்டேன். ராபர்ட் ப்ளூம். கொலோன் நகரில் ஏழை வீட்டில் பிறந்தவர். லைப்ஸிக்கில் நாடகக் கொட்டகையில் வேலை பார்த்தவர். தாடி, கட்டையான உடம்பு, கணீரென்ற குரல். அம்மாவுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. சொல்லியிருக்கக் கூடாது.

அக்டோபர் 19

காய்ச்சல். 38.9.

அக்டோபர் 20

சி.ஆர்.பி. 188. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் எண் என்று டாக்டர் விளக்கினார். பத்துக்குக் கீழே இருக்க வேண்டுமாம். தையல் பக்கத்தில் சிவந்திருக்கிறது. மூட்டுக்குள் கிருமி போயிருந்தால் மறுபடி திறக்க வேண்டும், போகவில்லை என்றால் மருந்திலேயே அடங்கிவிடும். எப்போது தெரியும்? பார்க்கலாம். இந்த ஊரில் "பார்க்கலாம்" என்ற சொல்லை இவ்வளவு மென்மையாகச் சொல்லக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

இரவு தூக்கம் வராமல் தொகுதியைப் புரட்டினேன். இதைப் பதிப்பித்த ஃபிரான்ஸ் விகார்டும் ஓர் உறுப்பினர்தான், டிரெஸ்டன்காரர், சுருக்கெழுத்து வல்லுநர். பேச்சை மட்டுமல்ல, சபையின் சத்தத்தையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அடைப்புக்குறிக்குள்: இடது பக்கத்தில் பிராவோ. வலது பக்கத்தில் சலசலப்பு. சிரிப்பு. நீண்ட கைத்தட்டல். வளைந்த சுவர், உயரக் கூரை, மேலே மாடமெங்கும் பார்வையாளர் கூட்டம். பேசுவது பாதிப் பேருக்குச் சரியாகக் கேட்காது. அந்த எதிரொலிக்கு நடுவே உட்கார்ந்து ஒருவர் இதையெல்லாம் விரல் ஓட ஓட எழுதியிருக்கிறார். எதையும் தடுக்க முடியாதவரால் செய்ய முடிந்த வேலை அது ஒன்றுதான்: நடந்ததை விடாமல் எழுதுவது. நானும் அம்மாவின் எண்களை எழுதுகிறேன். காலை 38.4, மதியம் 38.7, இரவு 39.1.

அக்டோபர் 21

சாப்பிடவில்லை. கதையும் கேட்கவில்லை.

அக்டோபர் 23

கொஞ்சம் தெளிவு. யாக்கோப் கிரிம் பற்றிச் சொன்னேன், தேவதைக் கதைகளைத் தொகுத்த அண்ணன் தம்பியில் அண்ணன். அவருக்கு எந்தக் கட்சி வரிசையிலும் இல்லாமல், நடுப்பாதையில், பேச்சாளருக்கு எதிரே தனி நாற்காலி. அடிப்படை உரிமைகளின் முதல் பிரிவாக அவர் ஒன்றை முன்மொழிந்தார்: ஜெர்மன் மக்கள் சுதந்திரர்களின் மக்கள், ஜெர்மன் மண் அடிமைத்தனத்தைப் பொறுக்காது, அந்நியர் யாராவது அடிமையாக வந்து இந்த மண்ணில் தங்கினால் மண்ணே அவரை விடுவிக்கும்.

ஓட்டுக்கு விட்டார்கள். ஆதரவு 192, எதிர்ப்பு 205. தோற்றது.

"பதிமூணு பேர்," என்றாள் அம்மா. காய்ச்சலிலும் கழித்தல் தப்பவில்லை. "எந்தப் பதிமூணுன்னு இருக்கா?"

எனக்கு இந்தத் தோல்வியை நினைத்தால் இன்றும் மனசு ஆறுவதில்லை. அந்த வாக்கியத்தைச் சட்டத்தில் வைக்க அவர்களுக்கு எந்தச் செலவும் இல்லை.

அக்டோபர் 25

சி.ஆர்.பி. 203.

அக்டோபர் 28

நேற்று கடிகாரத்தைப் பின்னால் தள்ளினோம். நாலரைக்கே வெளிச்சம் சாய ஆரம்பித்துவிடுகிறது. டிராமுக்கு நிற்காமல் பவுல் சதுக்கம் வழியாக நடந்தேன். தேவாலயம் செங்கல் நிறத்தில் நீள்வட்டமாக, ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கிறது. 1944 மார்ச்சில் குண்டு விழுந்து எரிந்து, சுவர் மட்டும் மிச்சமாகி, நூறாவது ஆண்டுக்கென்று 1948 மே மாதத்துக்குள் திருப்பிக் கட்டினார்கள். ஊரே இடிபாடாகக் கிடந்தபோது முதலில் எடுத்துக் கட்டியவற்றில் இதுவும் ஒன்று. உள்ளே வட்டச் சுவரில் கறுப்பு உடுப்பு போட்ட உறுப்பினர்கள் வரிசையாக நடந்துபோகும் ஓவியம் இருக்கிறது. அந்த ஒற்றை விவசாயியை அதில் தேடிப் பார்த்திருக்கிறேன், யார் என்று அடையாளம் தெரியாமலே.

தம்பி கேட்கிறான்: "அக்கா, கூட்டிட்டு வந்துடலாமா?" எப்படிடா கூட்டிக்கொண்டு வருவது, பதினோரு மணி நேர விமானத்தில்?

அக்டோபர் 31

தீபாவளி. ஒரு துளி நல்லெண்ணெயை உச்சந்தலையில் வைத்தேன், நர்ஸ் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். லேகியம் நாக்கில் தடவியதும் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். காய்ச்சல் 37.8!

நல்ல நாளில் நல்லதைச் சொல்வோம் என்று உரிமைகளைச் சொன்னேன். அந்த டிசம்பரில் சட்டமாக்கினார்கள். சட்டத்தின் முன் எல்லோரும் சமம். பிறப்பால் வந்த சலுகைகள் ஒழிந்தன. பத்திரிகைக்குத் தணிக்கை கூடாது. அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது. எந்த மதமானாலும் குடியுரிமை குறையக் கூடாது. போர்ச் சட்டம் போல ஓரிரு விதிவிலக்கு தவிர மரண தண்டனை இல்லை.

மதப் பிரிவுக்காகப் பேசியவர் காப்ரியேல் ரீஸர். ஹாம்பர்க்காரர், யூதர். சட்டம் படித்தும் யூதர் என்பதால் வக்கீலாக விடவில்லை. யூதர்களுக்கு மட்டும் தனிச் சட்டம் வேண்டும் என்று ஓர் உறுப்பினர் கிளப்பியபோது, ஆகஸ்ட் 29ஆம் தேதி எழுந்து பதில் சொன்னார். பிரிவு அப்படியே நின்றது. ரீஸரைப் பிறகு சபையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள்.

"அப்ப நல்ல சபைதான்," என்றாள். "நம்ம ப்ளூம் என்ன பேசினான்?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

நவம்பர் 2

காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து கடிதம். ஏற்கெனவே இருந்த எலும்புத் தேய்மானமா என்று கேட்டு நாலு பக்கப் படிவம். அம்மா இலையுதிர்காலத்து ஈர இலையில் வழுக்கி விழுந்தாள், அவ்வளவுதான். விசா 29ஆம் தேதி வரை.

நவம்பர் 4

இதே தேதியில் ப்ளூமைக் கைது செய்தார்கள். இடதுசாரி உறுப்பினர்கள் சார்பாக வாழ்த்துக் கடிதம் எடுத்துக்கொண்டு ஃப்ரோபெல் என்ற இன்னோர் உறுப்பினருடன் வியன்னா போனவர், அங்கே கிளர்ச்சிக்காரர்களுடன் சேர்ந்து நின்றுவிட்டார். ஆஸ்திரியத் தளபதி விண்டிஷ்கிரேட்ஸின் படை நகரத்தைப் பிடித்தது. உறுப்பினரைச் சபையின் அனுமதி இல்லாமல் கைது செய்யக் கூடாது என்று செப்டம்பர் 30ஆம் தேதி சட்டம் போட்டிருந்தார்கள். ப்ளூம் அதைச் சொல்லிப் பார்த்தார்.

அம்மாவிடம் "வியன்னா போயிருக்கிறார்" என்பதோடு நிறுத்தினேன்.

சி.ஆர்.பி. 141.

நவம்பர் 6

பெண்கள் எங்கே என்று கேட்டாள். ஓட்டும் இல்லை, இடமும் இல்லை. மாடத்தில் பார்வையாளராக உட்காரலாம். அதற்கு முன் மார்ச் கடைசியில் கூடிய ஆயத்தக் கூட்டத்தில் அதுவும் இல்லை. மால்விடா ஃபோன் மைசன்பூக் என்ற பெண் துணி போர்த்திய பிரசங்க மேடைக்குள் ஒளிந்திருந்து கேட்டார். க்ளோடில்டே கோக் கோன்டார்ட் வீட்டில் சாயங்காலங்களில் சபைத் தலைவர் காகெர்ன் உட்படப் பலர் கூடுவார்கள்.

"ஒளிஞ்சு கேட்டாளா! கால் மரத்திருக்காதா?" என்று தன் காலைத் தொட்டுக்கொண்டாள். இன்று வாக்கரைப் பிடித்து ஆறு அடி நடந்தாள்.

குளிருக்கு என்ன செய்தார்கள் என்றும் கேட்டாள். தேவாலயத்தில் கணப்பு கிடையாது. அதைப் போடும் வரை, 1848இல் இதே நவம்பர் மாதம்தான், பக்கத்தில் வேறொரு தேவாலயத்துக்கு மாறினார்கள்.

நவம்பர் 8

"வியன்னாலேர்ந்து வந்தானா?"

இன்னும் இல்லை அம்மா.

நவம்பர் 9

நாஜிகளுக்குப் பலியானவர்களின் பெயர் பொறித்து நடைபாதையில் பதித்த பித்தளைக் கற்களை யாரோ துடைத்து மெழுகுவர்த்தி வைத்திருக்கிறார்கள். 1938இன் இதே இரவில்தான் யூதர்களின் வீடுகளையும் கடைகளையும் தாக்கினார்கள். எங்கள் தெருவில் மூன்று பெயர். 1989இல் பெர்லின் சுவர் திறந்ததும் இதே தேதி. 1848இல் விடிகாலையில் வியன்னாவின் பிரிகிட்டெனாவில் ப்ளூமைச் சுட்டார்கள். மனைவி யென்னிக்கு அதற்குச் சற்று முன் கடிதம் எழுதினார். மறுநாள் அவருக்கு 41 வயது ஆகியிருக்கும்.

சொல்லவில்லை. அம்மா நன்றாகத் தூங்கினாள் என்பது ஒரு காரணம். அவள் விழித்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

நவம்பர் 10

கேட்டுவிட்டாள். "செத்துப்போயிட்டான், இல்ல? உன் மூஞ்சியில எழுதியிருக்கு."

எல்லாம் சொன்னேன். செய்தி வந்ததும் சபை கண்டனத் தீர்மானம் போட்டது என்றும் சொன்னேன். அது அவள் காதில் ஏறவே இல்லை.

"பொண்டாட்டிக்கு யாரு போய்ச் சொன்னது?"

தெரியாது அம்மா.

"எத்தனை புள்ளைங்க?"

நாலு.

அரை மணி நேரம் என் கையை விடவில்லை. அப்புறம் சொன்னாள்: "எனக்கு எதுன்னாலும் என்கிட்டயே சொல்லிடு. நாலு நாளு மூடி வெச்சுக்காதே." அவளுடைய ஆறிப்போன காப்பியை நான் குடித்தேன்.

நவம்பர் 11

டாக்டர் என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டார். இங்கேயே சொல்லுங்கள், நான் அவர்களுக்கு மொழிபெயர்க்கிறேன் என்றேன். மூட்டிலிருந்து நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கிருமி வளர்கிறதா என்று பார்க்கச் சில நாள் ஆகும். அம்மா தலையாட்டினாள். "சரின்னு சொல்லு."

நவம்பர் 13

சபையில் இன்னைக்கு: 1849 மார்ச். பேரரசர் பட்டம் பரம்பரையாக வருமா என்று ஓட்டு. 267க்கு 263. "நாலு!" என்றாள் அம்மா. மறுநாள், மார்ச் 28ஆம் தேதி, பிரஷ்ய ராஜா நான்காம் ஃப்ரெடெரிக் வில்லியமைப் பேரரசராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆதரவு 290. எதிராக யாரும் இல்லை, 248 பேர் ஓட்டே போடவில்லை. அந்த 248 பேரும் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடும்போது ஓட்டுப் போடவில்லை என்று சொல்லியிருப்பார்கள். அந்தப் பக்கங்களை நேற்று இரவு முழுதும் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர், பெயர், பெயர்.

ராஜாவிடம் கேட்க ஒரு தூதுக்குழு. தலைவர் சிம்சன். ரீஸரும் போனார். நம் ரீஸரா என்று அம்மாவுக்குச் சந்தோஷம்.

சி.ஆர்.பி. 96.

நவம்பர் 14

சோதனை முடிவு வரவில்லை.

ராஜா என்ன சொன்னார் என்று காலையிலிருந்து கேட்கிறாள். இந்தத் தடவை மறைக்கவில்லை; தூதுக்குழு இப்போதுதான் ரயில் ஏறியிருக்கிறது, பெர்லின் போய்ச் சேரட்டும் என்றேன். "குளிருக்கு ஏதாவது எடுத்துட்டுப் போனாங்களா?" என்றாள். மார்ச் கடைசி அம்மா, அவ்வளவு குளிராது. "உனக்கென்ன தெரியும்," என்றாள்.

நாளைக்குச் சீப்பு, நீல ஸ்வெட்டர், மூன்றாவது தொகுதிக்குப் பதில் எட்டாவது.